நான் சேர்த்த தண்ணீர்

பிள்ளைகளா,

உங்கள் பெரியப்பா எந்த விசேஷத்துக்கு வந்தாலும் ஒரு குறையைச் சொல்லாமல் இலையில் உட்கார மாட்டார். "தம்பிக்குத் தலப்புள்ள பொறந்த சேதிய நான் சந்தையில வச்சு வேத்து ஆளு சொல்லித்தான் கேட்டேன். ஒரு கார்டு போட அவனுக்குக் கை வரல" என்பார். நீங்கள் சிரிப்பீர்கள். நானும் மோர் ஊற்றுகிற சாக்கில் நகர்ந்துவிடுவேன். ஆனால் தபால் கார்டு வாங்கினேன். ஒன்றல்ல, மூன்று. அவை எங்கே போயின என்று உங்கள் அம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை.

இப்போது உங்களில் மூத்தவள் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள். எட்டாவதோடு நின்று, மருந்து கலக்குவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட கம்பவுண்டர் நான். அவளுக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது? எலும்பும் நரம்பும் அவளுடைய புத்தகத்தில் இருக்கும். நான் எழுதப்போவது அதில் இருக்குமா என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சின்னவர்களும் படியுங்கள். நாலு பேரைக் கீழே வைத்து வேலை வாங்கும் நாள் உங்களுக்கும் வரலாம்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. போடியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு மலையில் ஒரு கிளை இருந்தது. போடிமெட்டு தாண்டி, ஏலத்தோட்டங்களுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஆறு கட்டில் ஆஸ்பத்திரி. அங்கே கம்பவுண்டர் நான். கோட்டயம் பக்கத்திலிருந்து வந்த நர்ஸ் ஒருவர். அவரைச் சேச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எங்களுக்கு மேலே ஒரு டாக்டர். அந்த டாக்டர் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்.

மாறுவதற்குக் காரணம் போடி ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரரான பெரிய டாக்டர். படிப்பு முடித்துப் புதிதாக வருகிற பையன்களை அவர் முதலில் மலைக்குத்தான் அனுப்புவார். "ஊசி போடக் காலேஜுல சொல்லிக்குடுத்திருப்பாங்க. நாலு பேர வச்சு ஒரு எடத்த நடத்த யாரு சொல்லிக்குடுத்தா? மேல போங்க. ஆறு மாசம் அங்க நீங்கதான் ராசா" என்பார். மாதம் ஒருமுறை ஜீப்பில் ஏறி வந்து பார்ப்பார். பதிவேட்டைப் புரட்டுவார், கட்டில்களைச் சுற்றுவார், தோட்டத்துக் கங்காணிகளிடம் ஏதும் புகார் உண்டா என்று கேட்பார். ஆறு மாதம் புகார் இல்லாமல் கழிந்தால் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தருவார்: இவர் ஓர் ஆஸ்பத்திரியைத் தலைமை ஏற்று நடத்தத் தகுதியானவர் என்று. அவர் வார்த்தைக்கு அந்தப் பக்கத்தில் அவ்வளவு மதிப்பு. அந்தக் கடிதத்தைக் காட்டினால் எங்கேயும் பொறுப்பான வேலை கிடைக்கும். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் அப்படித் தேறி இறங்கிப் போயிருந்தார்கள். நான் சொல்லப்போவது மூன்றாமவரைப் பற்றி.

கும்பகோணம் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது சின்னவர் இருக்கலாம். ஒல்லி. மலைக்குளிருக்குப் பகலிலேயே கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். நல்ல மனுஷர்தான். ஆனால் வார்டுக்குள் வந்தால் குரல் இரண்டு பங்கு உயர்ந்துவிடும். "டாக்டர் தயங்கினா நோயாளி பயந்துருவான்னு எங்க புரொபசர் சொல்வார்" என்று ஒருநாள் அவரே சொன்னார். அதனால் அவர் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். ஏதாவது தெரியவில்லையென்றால் கண்ணாடியைக் கழற்றி மப்ளர் நுனியால் துடைப்பார். துடைத்துவிட்டு அவர் எழுதுகிற சீட்டை நான் இரண்டு தடவை படிப்பேன்.

அது என் வேலை முறை. எனக்கு மட்டுமல்ல, அந்தக் காலத்துக் கம்பவுண்டர்கள் பலருக்கும். போடி ஆஸ்பத்திரியில் எனக்குத் தொழில் பழக்கிய மூத்த கம்பவுண்டர் முதல் வாரமே சொன்னார்: "டாக்டரு எழுதுனதுல பெசகு இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லாத. பாட்டில்ல சரி பண்ணிக்க. அவரு மரியாதையும் நிக்கும், நோயாளியும் பொழைப்பான், உன் சோலியும் நெலைக்கும்." நான் அதை வேதமாக எடுத்துக்கொண்டேன். பெரியவர் அளவைச் சின்னப் பிள்ளைக்கு எழுதியிருந்தால் குறைப்பேன். ஒரே மருந்தை இரண்டு பெயரில் எழுதியிருந்தால் ஒன்றை விடுவேன். சீட்டில் அவர் கையெழுத்து அப்படியே இருக்கும். பாட்டிலில் இருப்பது என் புத்தி. அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மலையில் இன்னொரு விஷயமும் உண்டு. போடியிலிருந்து மருந்து ஜீப்பில்தான் ஏறும். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதி உடையும். அதனால் நிறையப் பாட்டில் கொண்டுவராமல், மருந்தை நாலு மடங்கு கெட்டியாகக் கலந்து கொஞ்சம் பாட்டிலில் ஏற்றிவிடுவோம். மேலே வந்ததும் கொதித்து ஆறிய தண்ணீர் மூன்று பங்கு சேர்த்து, சின்னப் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்போம். கெட்டி மருந்து என்று எங்களுக்குள் பேச்சு. பாட்டில் மேலே அப்படி ஒட்டுவதில்லை. மருந்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். எது கெட்டி என்று என் தலைக்குள் இருந்தது.

இந்த டாக்டர் வந்த முதல் வாரம், ஒரு பையனுக்கு வலிப்பு மருந்து ஒரு ஸ்பூன் என்று எழுதினார். சமவெளி ஆஸ்பத்திரிக் கணக்கு அது. நான் பேசாமல் தண்ணீர் சேர்த்துக் கொடுத்தேன். சேச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சாரிடம் பறஞ்ஞோ? இது கெட்டி மருந்தாணுன்னு?"

"எதுக்கு சேச்சி? சொன்னா, 'எனக்குத் தெரியாதா'ம்பாரு. நான் இருக்கேன்ல. பாத்துக்கிறேன்."

"அண்ணன் இல்லாத்த நாள்?"

"நான் எங்க போகப் போறேன்?" என்றேன்.

ஐந்து மாதம் ஓடியது. பெரிய டாக்டர் ஐந்து தடவை வந்து போனார். ஒவ்வொரு தடவையும் பதிவேட்டை மூடிவிட்டு, "ஒரு பெசகு இல்ல. ஒங்களுக்கு நிர்வாகம் கைவந்திருச்சு" என்று சொல்வார். சின்ன டாக்டர் முகம் மலரும். நான் கைகட்டி ஓரமாக நின்று, எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஆறாவது மாதத்தில் போடியிலிருந்து ஆள் வந்தது. உங்கள் அம்மாவுக்குப் பிரசவம் ஆகிவிட்டது, பெண் குழந்தை. அதுதான் மூத்தவள். டாக்டரிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார். மருந்து அலமாரிச் சாவியைச் சேச்சியிடம் கொடுத்தேன். கலந்து வைத்த சின்னப் பாட்டில்களில் இரண்டு நாளுக்குத் தாங்குகிற அளவு இருப்பதாகக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை திரும்ப மலையேறினேன். போடித் தபாலாபீசில் மூன்று கார்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பெரியப்பாவுக்கு ஒன்று, உங்கள் அம்மாவின் மாமாவுக்கு ஒன்று, என் கூட்டாளிக்கு ஒன்று. கையில் ஒரு பொட்டலம் கற்கண்டு. ஜீப்பில் டிரைவர் வழியெல்லாம் என்னைக் கிண்டல் செய்தபடி வந்தார்.

"பொம்பளப் புள்ளயா மாப்ளே? நல்லது. ஒன் மூக்கு மட்டும் வராம இருக்கணும்னு வேண்டிக்க."

"அவ ஆத்தா மூக்குண்ணே."

"தப்பிச்சா. கற்கண்ட இப்படித் தள்ளு. டாக்டருக்குக் குடுக்கும்போது மிச்சம் இருந்தாப் போதும்."

ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்பு நின்றபோது பதினோரு மணி இருக்கும். சேச்சி வெளியே ஓடி வந்தார். தலையில் குல்லாய் இல்லை. கற்கண்டை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்படி அவர் யாரையும் தொட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

"அண்ணே, சின்னப் பாட்டில் தீந்துபோச்சு. சார் அலமாரியத் தொறந்து அந்தக் கெட்டி மருந்தையே குடுத்து. ரெண்டு ஸ்பூன். நான் கண்டு. பக்கத்துல நின்னு கண்டு. பறயான் வாய் வந்நில்ல."

பார்த்தும் சொல்ல வாய் வரவில்லையாம். எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் உள்ளே ஓடினேன்.

உள்ளே முதல் கட்டிலில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. ராசிங்காபுரத்திலிருந்து ஏலக்காய் எடுக்க மலையேறி வந்திருந்த ஒருத்தியின் மகள். காலையில் காய்ச்சலோடு வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். டாக்டர் ஒரு ஸ்பூன் கொடுத்திருக்கிறார். நிற்கவில்லை என்று அரை மணி கழித்து இன்னொரு ஸ்பூன். அவர் கணக்கில் இரண்டு ஸ்பூன். குழந்தைக்குள் போனது எட்டு. வலிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு மூச்சும் நிற்கப் பார்த்தது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. மார்பு ஒரு தடவை ஏறி இறங்கினால், அடுத்த தடவைக்கு நாம் காத்திருக்க வேண்டியிருந்தது. தாய் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தாள்.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கம்பவுண்டர், வந்துட்டீங்களா. மூளைக் காய்ச்சல். மூளைக்கு ஏறிடுச்சு. ஜீப்பை நிறுத்தி வைங்க, போடிக்கு அனுப்பணும்" என்றார் அந்த வார்டுக் குரலில். போடிக்கு அப்போது இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அந்தக் குழந்தை மூன்றாவது வளைவைத் தாண்டியிருக்காது.

பிள்ளைகளா, நான் எழுத வெட்கப்படுகிற இடம் இதுதான். எனக்கு எல்லாம் தெரியும். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வாய் திறக்கவில்லை. கையில் கற்கண்டுப் பொட்டலத்தோடு நின்றேன். கால் தானாக மருந்தறைப் பக்கம் திரும்பியது, பாட்டிலில் ஏதாவது சரி பண்ணலாம் என்பது போல. பாட்டிலில் சரி பண்ண இனி ஒன்றும் இல்லை என்பது அந்தக் காலுக்குத் தெரியவில்லை. குழந்தை அதற்குள் மூன்று தடவையோ நாலு தடவையோதான் மூச்சு விட்டிருக்கும்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மப்ளரால் துடைத்தார்.

அதைப் பார்த்ததும், என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. "சார், மூளைக் காய்ச்சல் இல்ல சார். நீங்க குடுத்தது கெட்டி மருந்து. நாலு பங்கு. நான்தான் தெனமும் தண்ணி சேத்துக் குடுப்பேன்" என்றேன்.

அவர் கண்ணாடி இல்லாத கண்ணோடு என்னைப் பார்த்தார். "தினமும்னா? எப்போலேருந்து?"

"நீங்க வந்த நாள்லேருந்து சார்."

அடிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு அவர் பேசியது வார்டுக் குரலில் அல்ல. சாதாரணமான குரல்.

"அதை அப்புறம் பேசுவோம். இப்போ என்ன செய்யலாம்? உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதைச் சொல்லுங்க. நான் எதையாவது விட்டிருந்தா உடனே சொல்லுங்க."

அதிர்ச்சி என்றால் அதுதான். ஐந்து மாதத்தில் அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி. சேச்சிதான் முதலில் பேசினார்: வயிற்றைக் கழுவ வேண்டும், குழாய் தன்னிடம் இருக்கிறது என்றார். மூச்சைத் தூண்டுகிற ஊசி அலமாரியின் பின்வரிசையில் ஒன்று மிச்சம் இருப்பதை நான் சொன்னேன். அது அங்கே இருப்பதே டாக்டருக்குத் தெரியாது. "கொண்டாங்க, கொண்டாங்க" என்றார். ஊசி போட்டார். குழந்தையின் கையைத் தலைக்கு மேலே தூக்கி, இறக்கி, மார்பில் அழுத்தி, மாற்றி மாற்றி மூன்று பேரும் மூச்சுக் கொடுத்தோம். அவர் முறை வந்தபோது, ஒருதடவை அழுத்திய இடம் சரியில்லை என்று பட்டது. "சார், கொஞ்சம் கீழ" என்றேன். என் வாயிலிருந்து வந்ததை நம்பமுடியாமல் நானே திகைத்தேன். அவர் கையைக் கீழே இறக்கினார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

தாய் குழந்தையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். டிரைவர் வாசலில் அடுப்பு மூட்டி வெந்நீர் கொண்டுவந்தபடி இருந்தார். அவருடைய வாயிலிருந்து அன்றைக்கு அதற்குப் பிறகு ஒரு கிண்டலும் வரவில்லை.

சாயங்காலம் நாலு மணி போல் குழந்தை இருமியது. பிறகு சிணுங்கியது. உதட்டில் சிவப்பு வந்தது. கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடி, "தண்ணி" என்றது. சேச்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாய் எழுந்து வந்து டாக்டரின் காலில் விழுந்தாள். "எங் கொலசாமி நீங்க. எம் புள்ளயத் திருப்பிக் குடுத்துட்டீக."

உண்மையைச் சொல்லாமல் அவர் விட்டிருக்கலாம். நானும் சேச்சியும் சாகும்வரை வாய் திறந்திருக்க மாட்டோம். அவர் குனிந்து அவளை எழுப்பினார். "அம்மா, உங்க குழந்தைக்கு மூச்சு நின்னது காய்ச்சலால இல்லை. நான் கொடுத்த மருந்தால. அளவு தப்பு. நான் யாரையும் கேட்காம கொடுத்துட்டேன்" என்றார்.

ஒரு டாக்டர், காய் எடுக்கிற பொம்பளையிடம், எங்கள் எல்லோருக்கும் முன்னால். அவள் கத்துவாள், ஆள் கூட்டுவாள், தோட்டமே திரண்டு வரும் என்று பயந்தேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என்னையும் சேச்சியையும் பார்த்தாள்.

"கூட ரெண்டு பேரு எதுக்கு அப்பு நிக்கிறாக? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள். பிறகு எங்களைப் பார்த்து, "கேக்காட்டியும் நீங்க சொல்லியிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் அன்றே ஒரு கடிதம் எழுதி டிரைவர் கையில் பெரிய டாக்டருக்குக் கொடுத்தனுப்பினார். மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரிய டாக்டர் வந்துவிட்டார். கூடவே எனக்குத் தொழில் பழக்கிய மூத்த கம்பவுண்டரையும் அழைத்து வந்திருந்தார், என் இடத்துக்கு ஆள் வைக்கத்தான் என்று நான் நினைத்தேன். பிறந்து நாலைந்து நாளான மகள் போடியில். அவள் முகத்தை நினைத்தபடி கைகட்டி நின்றேன்.

பெரிய டாக்டர் குழந்தையைப் பரிசோதித்தார். அது கற்கண்டு சப்பிக்கொண்டிருந்தது. பிறகு எல்லோரையும் டாக்டர் அறைக்கு வரச் சொன்னார்.

"யாரு தப்பு?" என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை எப்போதும் மேலிருந்து கீழேதான் உருளும். கடைசியில் யார் நிற்கிறாரோ அவர் தலையில் விழும். நான் கடைசியில் நின்றேன். ஆனால் சின்ன டாக்டர் முந்திக்கொண்டார்.

"என் தப்பு சார். அஞ்சு மாசம் இந்த இடத்தை நான் நடத்தினதா நினைச்சேன். அலமாரியில என்ன இருக்குன்னு ஒருநாள் கேட்கலை. நான் எழுதினதை இவர் திருத்தித் திருத்திக் கொடுத்திருக்கார். நீங்க பார்த்த பதிவேடு என் வேலை இல்லை, இவர் வேலை. நீங்க தரப்போற கடிதம் எனக்கு வேண்டாம்."

பெரிய டாக்டரின் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பினார். "டாக்டரு சீட்ட மாத்துறதுக்கு நீ யாருடா? இத எவன் ஒனக்குச் சொல்லிக்குடுத்தது?"

என் கண் என்னையறியாமல் மூத்த கம்பவுண்டர் பக்கம் போய்விட்டது. பெரிய டாக்டரின் கண்ணும் கூடவே போனது. இருபது வருஷமாகப் பெரிய டாக்டரின் பக்கத்திலேயே மருந்து கலக்குகிறவர் அவர். தலை குனிந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தகரத்தில் பனிநீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப என் சீட்டு?" என்றார் பெரிய டாக்டர். குரல் இறங்கியிருந்தது.

மூத்த கம்பவுண்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கேக்குறேன்ல. என் சீட்ட நீ மாத்திருக்கியா?"

"பெருசா ஒண்ணுமில்லீங்கய்யா. அப்பப்ப."

"அப்பப்பன்னா எத்தன?"

"எண்ணி வைக்கலீங்கய்யா."

"மாசத்துக்கு ஒண்ணா, ரெண்டா?"

அவர் மனசார யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "மழைக் காலத்துல கூட இருக்குங்க. கூட்டம் சாஸ்தியா இருக்கும்ல" என்றார்.

பெரிய டாக்டர் கைபட்டால் போதும் என்று அந்தப் பகுதி ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து காத்திருப்பார்கள். அவர் வெளியே போய், நோயாளிகள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் வாசற்படியில் நின்றோம். அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சின்ன டாக்டர் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். பாதி குடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இவருக்கு முன்னால இங்கேருந்து ரெண்டு பேருக்கு லெட்டர் குடுத்தேன்ல?"

"ஆமாங்கய்யா."

"அவங்களுக்கும் நீதான் கலக்குனியா?"

"நான்தாங்கய்யா."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா."

அந்தப் பதிலைச் சொன்னபோதுதான் அதன் அர்த்தம் எனக்கே உறைத்தது. அந்த இருவரும் இப்போது எங்கோ இரண்டு ஆஸ்பத்திரிகளில் தலைமை டாக்டர்கள். தங்கள் சீட்டில் பிசகே வராது என்ற நம்பிக்கையை நான்தான் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அங்கே அவர்களுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்? திருத்துகிறவரா, எழுதியதை எழுதியபடியே கலக்குகிறவரா? இரண்டாமவர் என்றால், எத்தனை கட்டில்களில் உதடு நீலம் பாரித்திருக்கும்? நான் நன்மை என்று செய்தது எங்கெல்லாம் போய் முடிந்திருக்கும் என்று எனக்கு எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை.

பெரிய டாக்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சின்ன டாக்டரிடம், "ஒங்களோட ஆறு மாசம் இன்னைக்குத்தான் ஆரம்பிக்குது" என்றார். என்னிடம், "இனிமே இவரு தப்பா எழுதுனா இவருகிட்டயே சொல்லணும். சொன்னா வேலை போவாது. சொல்லலைனாப் போகும்" என்றார். மூத்த கம்பவுண்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எப்போதும் பின்சீட்டில் உட்காருகிற அவரை முன்னால் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். ஜீப்பு முதல் வளைவில் திரும்பும்போது, இரண்டு தலையும் ஒன்றையொன்று பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

சின்ன டாக்டர் அன்று மத்தியானமே எல்லாக் கெட்டி மருந்துப் பாட்டிலையும் மேசைமேல் இறக்கச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சிவப்புப் பென்சிலால் 'நாலு மடங்கு' என்று சீட்டு எழுதி ஒட்டினார். எங்களுக்கும் நாற்காலி போடச் சொன்னார். சேச்சி உட்கார்ந்தார். நான் உட்காருகிற மாதிரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அது பழக இன்னும் பல வாரம் ஆயிற்று. ஒருநாள், "சார், இந்த அளவு கூடுதல்" என்று சொல்ல வந்து, "சார், இன்னைக்குக் குளிரு கூடுதல்" என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அவர் கூப்பிட்டு, "குளிரைப் பத்திச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று சிரித்தார்.

முன்னால் இறங்கிப் போன அந்த இரண்டு டாக்டருக்கும் பெரிய டாக்டரே எழுதுவார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தேன். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு இதை எப்படி எழுதுவார்? எந்தச் சீட்டை எப்படி மாற்றினேன் என்பது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

பெரிய டாக்டர் வந்துபோன அன்று சாயங்காலமே, கடைசி நோயாளியும் போன பிறகு, மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மகள் பிறந்த சேதிக்கென்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்த மூன்று கார்டையும் எடுத்தேன். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், தங்களுக்குத் தபால் வந்தால் திருப்பி அனுப்ப என்று அந்த இருவரும் எழுதிவிட்டுப் போன விலாசம் இருந்தது. முதல் கார்டில், 'மகா கனம் பொருந்திய டாக்டர் ஐயா அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் பணிவுள்ள ஊழியன் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது' என்று ஆரம்பித்தேன். மரியாதையிலேயே பாதிக் கார்டு தீர்ந்துபோனது. மிச்சப் பாதியில் விஷயம் அடங்கவில்லை. அதைக் கிழித்துப் போட்டேன்.

கார்டு என்பது தபால்காரர் முதல் எல்லோரும் படிப்பது. அதனால் அவர்கள் தப்பு என்று ஒரு வார்த்தை எழுதாமல், என் தப்பை எழுதினேன். 'ஐயா, மலையில் நீங்கள் எழுதிய அளவை நான் உங்களுக்குத் தெரியாமல் மாற்றிக் கொடுத்துவந்தேன். சின்னப் பிள்ளைகளுக்குக் குறைத்தேன். கெட்டி மருந்துக்குத் தண்ணீர் சேர்த்தேன். சொல்லாதது என் குற்றம். இப்போது உங்கள் பக்கத்தில் இருக்கும் கம்பவுண்டரைக் கூப்பிட்டு, அவர் என்ன மாற்றுகிறார் என்று கேளுங்கள். கோபிக்காமல் கேளுங்கள்.' இரண்டு கார்டிலும் அதையே எழுதினேன். அடியில் என் பெயரைப் போட்டேன்.

போடிமெட்டுத் தபால்பெட்டிக்கு நடந்தே போனேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. முதல் கார்டைப் போட்டேன். இரண்டாவதைப் பாதி நுழைத்துப் பிடித்துக்கொண்டு சற்று நின்றேன். பிறகு விரலை விட்டேன்.